ஆன்டிபயாடிக்கை முறியடிக்கும் நொதிகள்: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

(மருந்து எதிர்ப்புக் கிருமிகள் குறித்து, சுய உதவிக் குழு உறுப்பினர்களும் பொதுமக்களும் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் வீட்டில் மருந்து போட்டு வைக்கும் டப்பாவைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். காய்ச்சல் மாத்திரை, தைலம், சர்க்கரை மாத்திரை. இவற்றோடு பாதி தீர்ந்த ஆன்டிபயாடிக் அட்டை ஒன்றும் பல வீடுகளில் இருக்கும். "போன தடவை டாக்டர் எழுதிக் கொடுத்தது. ரெண்டு நாள்ல சரியாயிடுச்சு. மீதியை எடுத்து வச்சிருக்கேன், அடுத்த தடவைக்கு ஆகும்ல" என்பார்கள்.

அந்த அட்டையின் பின்புறத்தை என்றைக்காவது படித்திருக்கிறீர்களா? நம்மில் பலருக்கும் பழக்கமான '625' மாத்திரையாக இருந்தால், அதில் இரண்டு பெயர்கள் இருக்கும். அமாக்சிசிலின் 500 மில்லிகிராம், கிளாவுலானிக் அமிலம் 125 மில்லிகிராம். இரண்டையும் கூட்டித்தான் 625.

கிருமியைக் கொல்லும் வேலையைச் செய்வது அமாக்சிசிலின். அப்படியென்றால் அந்த 125 மில்லிகிராம் எதற்கு? அது கிட்டத்தட்ட ஒரு காவலாள். மருந்தை வெட்டிப்போடும் ஒரு பொருளைக் கிருமி தயாரிக்கிறது. அந்தப் பொருளைப் பிடித்து முடக்கிப்போட்டு அமாக்சிசிலினைக் காப்பாற்றுவதற்காகத்தான் கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்திருக்கிறார்கள். கிருமி தயாரிக்கும் அந்தப் பொருளைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

மருந்து எப்படி வேலை செய்கிறது?

பாக்டீரியா என்பது ஒரே ஒரு செல்லால் ஆன உயிர். அந்தச் செல்லுக்குள் அழுத்தம் அதிகம். வெடித்துவிடாமல் இருக்க, சுற்றிலும் வலைபோல் பின்னிய ஒரு சுவர் உண்டு. பாக்டீரியா வளரும்போதும் இரண்டாகப் பிரியும்போதும் இந்தச் சுவரைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சுவர் கட்டும் கொத்தனார் வேலையைச் செய்பவை சில நொதிகள்.

நொதி என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நினைக்க வேண்டாம். வெறும் சோற்றை வாயில் போட்டு நன்றாக மென்றால் கொஞ்ச நேரத்தில் இனிக்கிறது அல்லவா? எச்சிலில் உள்ள ஒரு நொதி, சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதால் வரும் இனிப்பு அது. நொதி ஒரு வேலையைச் செய்து முடித்தாலும் தான் தீர்ந்துபோவதில்லை. அடுத்த துகள், அதற்கடுத்த துகள் என்று போய்க்கொண்டே இருக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் எல்லாவற்றின் நடுவிலும் நான்கு மூலை கொண்ட ஒரு சின்ன வளையம் இருக்கிறது. அதன் பெயர் பீட்டா-லாக்டம் வளையம். கொத்தனார் நொதியின் கண்ணுக்கு இந்த மருந்து ஒரு செங்கல்போலத் தெரிகிறது. எடுத்து வைக்கலாம் என்று பிடித்தால், வளையம் திறந்து கையோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு அந்தக் கை வேறு வேலை செய்ய முடியாது. சுவர் அரைகுறையாக நிற்க, பாக்டீரியா உள்ளழுத்தம் தாங்காமல் வெடித்துச் சாகிறது. மனித செல்லுக்கு இப்படிப்பட்ட சுவர் கிடையாது. கிருமியைக் கொல்லும் மருந்து நம் செல்லை விட்டுவிடுவது இதனால்தான்.

இங்கேயே ஒரு முக்கியமான விஷயம். வைரஸுக்கும் இந்தச் சுவர் கிடையாது. சாதாரண சளி, ஃபுளூ, டெங்கு எல்லாம் வைரஸால் வருபவை. "சளிக்கு ஒரு ஆன்டிபயாடிக் போட்டா சீக்கிரம் சரியாயிடும்" என்று சொல்வது சரியில்லை. சுவரே இல்லாத இடத்தில் சுவர் கட்டுவதைத் தடுக்கும் மருந்துக்கு என்ன வேலை?

வளையத்தை வெட்டும் நொதி

இப்போது எதிர்த்தரப்புக்கு வருவோம். சில பாக்டீரியாக்கள் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதியைத் தயாரிக்கின்றன. அதற்கு ஒரே வேலைதான். மருந்தின் நடுவில் உள்ள அந்த வளையத்தை ஒரு தண்ணீர் மூலக்கூறின் துணையோடு வெட்டிவிடுவது. வளையம் போனால் மருந்து வெறும் சக்கை. நல்ல வேகமுள்ள ஒரு நொதி மூலக்கூறு, ஒரு நொடிக்கு ஆயிரம் பெனிசிலின் மூலக்கூறுகள் என்ற அளவில் வெட்டித் தள்ளும். வெட்டிய பிறகும் அப்படியே இருக்கும். நீங்கள் விழுங்கிய மாத்திரை கிருமியின் சுவரை எட்டுவதற்குள் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த நொதி மருந்துக்குப் பிறகு வந்தது என்று நாம் நினைக்கிறோம். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டது 1928-இல். ஆக்ஸ்போர்டில் எட்வர்ட் ஆபிரகாம், எர்ன்ஸ்ட் செயின் இருவரும் பெனிசிலினை அழிக்கும் நொதி பாக்டீரியாவில் இருக்கிறது என்று எழுதியது 1940-இல். ஆக்ஸ்போர்டு குழு முதல் நோயாளிக்குப் பெனிசிலின் சிகிச்சை கொடுத்தது 1941 பிப்ரவரியில்தான். மருந்து நோயாளிக்குப் போய்ச் சேரும் முன்பே அதை வெட்டும் நொதியைப் பார்த்துவிட்டார்கள்.

எப்படி? பெனிசிலின் மனிதன் செய்த பொருள் இல்லையே. அது ஒரு பூஞ்சை தயாரிக்கும் பொருள். மண்ணுக்குள் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் நடக்கும் சண்டை மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே ஆரம்பித்துவிட்டது. ஆயுதமும் பழசு, கேடயமும் பழசு. நாம் செய்தது என்ன? ஆயுதத்தை டன் கணக்கில் தயாரித்து, தேவையுள்ள இடம் தேவையில்லாத இடம் என்று பார்க்காமல் கொட்டினோம். கேடயம் இல்லாத கிருமிகள் செத்தன. கேடயம் உள்ளவை பிழைத்துப் பெருகின.

ஃபிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையிலேயே இதை எச்சரித்தார். கிருமியைக் கொல்லாத குறைந்த அளவில் மருந்தைக் கொடுத்தால், கிருமிக்கு எதிர்ப்பைப் பழக்கிவிடுவோம் என்றார். அதாவது நம் டப்பாவில் கிடக்கும் மீதி மாத்திரையைப் பற்றி அன்றைக்கே பேசிவிட்டார்.

நாம் ஒரு படி, கிருமி ஒரு படி

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெனிசிலின் வெட்டுப்பட்டதும் அதன் வடிவத்தை மாற்றிப் புதிய மருந்துகள் வந்தன. அவற்றையும் வெட்டும் நொதி ஒன்று 1965-இல் கிரேக்கத்தின் ஏதென்ஸ் நகரில் ஒரு நோயாளியிடம் கிடைத்தது. 1980-களின் தொடக்கத்தில் கிளாவுலானிக் அமிலம் சேர்த்த மாத்திரை சந்தைக்கு வந்தது. நம் 625-இன் கதை அதுதான். அதே காலத்தில் செஃபலோஸ்போரின் வகையில் வலுவான ஊசிகள் வந்தன. 1983-இல் ஜெர்மனியிலிருந்து, அவற்றையும் வெட்டும் நொதிகள் பற்றிய அறிக்கை வந்தது. ஆய்வக அறிக்கையில் 'ஈ.எஸ்.பி.எல்.' என்று எழுதுவார்களே, அது இந்த வகை நொதியைக் குறிப்பதுதான்.

அடுத்து 1980-களின் நடுவில் கார்பாபெனெம் மருந்துகள். இமிபெனெம், மெரோபெனெம் என்று ஐ.சி.யூ.வில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஈ.எஸ்.பி.எல். நொதியால் வெட்ட முடியாதவை. கடைசித் தற்காப்பு என்று டாக்டர்கள் இவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆனால் அமெரிக்காவில் 1996-இல் எடுத்த ஒரு மாதிரியிலிருந்து கார்பாபெனெமையும் வெட்டும் கே.பி.சி. என்ற நொதி கண்டுபிடிக்கப்பட்டு, 2001-இல் வெளியுலகுக்குத் தெரிந்தது.

நம் ஊர்க் கதை

அதன் பிறகு வந்ததுதான் என்.டி.எம்.-1. இந்தியாவில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஒருவரிடம் 2008-இல் சுவீடனில் கண்டறியப்பட்டதால், 'நியூ டெல்லி' என்ற பெயரை அந்த நொதிக்கு வைத்துவிட்டார்கள். 2010-இல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் பிற இடங்களில் 73 என இந்த நொதியைச் சுமக்கும் பாக்டீரியாக்கள் அந்த ஆய்வில் பதிவாகின.

பெயரைப் பற்றி அப்போது பெரிய சர்ச்சை. நம் நாட்டுத் தலைநகரின் பெயரை ஒரு கிருமிப் பொருளுக்கு வைக்கலாமா என்று கோபம் வந்தது. கோபம் நியாயம்தான். ஆனால் பெயர்ச் சண்டையில் விஷயம் அமுங்கிவிடக் கூடாது. 2011-இல் டெல்லியில் தெருவோரம் தேங்கிய தண்ணீரையும் குடிநீரையும் சோதித்த ஆய்வில், தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-இலும், குடிநீர் மாதிரிகள் 50-இல் 2-இலும் இந்த மரபணு கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குள் மட்டும் இருக்கிறது என்று நினைத்தது தெருவிலும் இருந்தது.

என்.டி.எம். ஏன் இவ்வளவு கவலை தருகிறது? அது துத்தநாக அயனிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு வெட்டுகிறது. கிளாவுலானிக் அமிலம் போன்ற காவலாட்கள், வேறு முறையில் வெட்டும் நொதிகளைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டவை. துத்தநாகக் கத்தி முன் அவற்றுக்கு வேலை இல்லை.

இந்த விவகாரத்தில் சென்னையின் பெயர் இன்னொரு விதத்திலும் நிற்கிறது. 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு செயல்திட்டத்தை முன்வைத்தன. மருத்துவர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த அதற்குச் 'சென்னைப் பிரகடனம்' என்றே பெயர்.

ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்கு

ஈ.கோலை பாக்டீரியா வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஏழு மணி நேரத்தில் ஒன்று 20 லட்சத்தைத் தாண்டும். அதைவிட முக்கியமானது, இந்த நொதிகளுக்கான மரபணு பெரும்பாலும் 'பிளாஸ்மிட்' என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா பக்கத்தில் உள்ள இன்னொரு பாக்டீரியாவுக்கு, அது வேறு இனமாக இருந்தாலும், அதன் நகலைக் கொடுத்துவிடும். பக்கத்து வீட்டுக்குச் சமையல் குறிப்பை எழுதிக் கொடுக்கிற மாதிரி. ஒரே பிளாஸ்மிட்டில் வேறு நொதிகளும் சேர்ந்து பயணிக்கும். ஜென்டமைசின், அமிகாசின் போன்ற ஊசி மருந்துகளின் மேல் ஒரு வேதிக் குழுவை ஒட்டிச் செயலிழக்க வைக்கும் நொதிகளும் அதில் உண்டு. அப்போது ஒரே கையளிப்பில் பல மருந்துகள் போய்விடும்.

நம் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை நமக்கு நோய் தராமல் வாழ்பவை. தேவையில்லாமல் ஒரு ஆன்டிபயாடிக் விழுங்கினால், அங்கே நொதி இல்லாதவை குறைந்து, நொதி உள்ளவை இடத்தைப் பிடிக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் அதே பாக்டீரியா சிறுநீர்ப் பாதைக்கோ, அறுவை சிகிச்சைப் புண்ணுக்கோ போகும்போதுதான் தெரியும். "எனக்கு இந்த மருந்து பழகிப்போச்சு, இப்ப கேட்க மாட்டேங்குது" என்பார்கள். மருந்து பழகியது உங்கள் உடம்புக்கு இல்லை. உங்களுக்குள் இருக்கும் கிருமிக்கு. அந்தக் கிருமி உங்களோடு நின்றுவிடாது. வீட்டில் உள்ள குழந்தைக்கும் பெரியவருக்கும் போகும்.

பணயத்தில் இருப்பது என்ன?

சிசேரியன், மூட்டு மாற்று, புற்றுநோய்க்கான கீமோ, சிறுநீரக மாற்று, குறைமாதக் குழந்தையின் பராமரிப்பு எல்லாமே ஒரு நம்பிக்கையில்தான் நடக்கின்றன. தொற்று வந்தால் மருந்து கேட்கும் என்ற நம்பிக்கை. பச்சிளம் குழந்தையின் இரத்தத்தில் தொற்று வந்தால் மணிக்கணக்கில்தான் நேரம். முதல் ஊசி கேட்கவில்லை என்று தெரிவதற்குள் அந்த நேரம் போய்விடும். 2019-ஆம் ஆண்டில் மட்டும், மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 2022-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது.

"புது மருந்து கண்டுபிடிக்க மாட்டாங்களா?" என்று கேட்கலாம். கண்டுபிடிக்கிறார்கள். அதில் நமக்குப் பெருமையான செய்தியும் உண்டு. சென்னையைச் சேர்ந்த ஆர்க்கிட் நிறுவனத்தில் உருவான என்மெட்டாசோபாக்டம் என்ற புதிய காவலாள், செஃபெபைம் என்ற மருந்தோடு சேர்ந்து 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஈ.எஸ்.பி.எல். நொதிக்கு எதிரானது அது. என்.டி.எம். வெட்ட முடியாத அஸ்ட்ரியோனம் என்ற பழைய மருந்தை, மற்ற நொதிகளிடமிருந்து காக்கும் அவிபாக்டமோடு சேர்த்து இப்போது கொடுக்கிறார்கள். ஆனால் ஒரு மருந்து உருவாக ஆண்டுகள் ஆகும், விலையும் அதிகம். கிருமிக்கு 20 நிமிடம் போதும். அதனால் இருப்பதைக் காப்பாற்றுவதுதான் நம் கையில் உள்ள வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆன்டிபயாடிக்கைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அதிலும் முக்கியமானவை 'எச் 1' அட்டவணையில் இருக்கின்றன. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது இது. செஃபிக்சிம், மெரோபெனெம் எல்லாம் இந்தப் பட்டியலில் உள்ளவை. இவற்றை விற்கும்போது மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். பல மருந்து அட்டைகளில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். டாக்டர் சொல்லாமல் சாப்பிடாதே என்பதற்கான அடையாளம் அது.

ஆகவே "சீட்டு இருக்காம்மா?" என்று மருந்துக்கடைத் தம்பி கேட்டால் கோபப்படாதீர்கள். அவர் தன் கடமையைச் செய்கிறார். கேட்காமல் எடுத்துக் கொடுத்தால்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

கோழி, கால்நடைப் பண்ணை வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. கார்பாபெனெமும் கேட்காதபோது டாக்டர்கள் எடுக்கும் பழைய மருந்து கோலிஸ்டின். அதற்கும் எதிர்ப்பைத் தரும் எம்.சி.ஆர்.-1 என்ற நொதியைச் சீனாவில் பண்ணை விலங்குகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் கண்டதாக 2015-இல் அறிக்கை வந்தது. இந்தியாவில் 2019 ஜூலையில், உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பது தடை செய்யப்பட்டது. தீவனப் பையில் என்ன கலந்திருக்கிறது என்று படித்து வாங்குங்கள். மருந்து தேவையென்றால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

கல்ச்சர் டெஸ்ட் பற்றி

கிருமியிடம் இந்த நொதி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் கல்ச்சர் டெஸ்ட். சிறுநீர், சளி, சீழ் அல்லது இரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்ப்பார்கள். கிருமி வளர ஒரு நாள், மருந்து சோதிக்க இன்னொரு நாள் என்று முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆவது இயல்பு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான நுண்ணுயிரியல் துறை இருக்கிறது.

நீங்கள் கவனிக்க வேண்டியது மூன்று. ஒன்று, முடிந்தவரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி கொடுங்கள். இரண்டு, சிறுநீர் என்றால் சுத்தம் செய்துவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை ஆய்வகம் தரும் மூடியுள்ள டப்பாவில் பிடித்து உடனே கொடுங்கள். மூன்று, அறிக்கையைத் தொலைக்காதீர்கள். அதில் ஒவ்வொரு மருந்துக்கு எதிரிலும் எஸ், ஐ, ஆர் என்ற ஆங்கில எழுத்து இருக்கும். 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது, 'ஐ' என்றால் இடைநிலை. 'ஆர்' நிறைய இருந்தால் பயந்துவிட வேண்டாம். சில சிறுநீர்த் தொற்றுக்குப் பழைய, விலை குறைந்த மருந்தே 'எஸ்' என்று வரும். எதைக் கொடுப்பது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த அறிக்கையைக் காட்டுங்கள்.

இன்றிலிருந்து செய்யக்கூடியவை

* சளி, தொண்டைக் கரகரப்பு, சாதாரண வயிற்றுப்போக்கு என்றால் நீங்களாக ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். "இதுக்கு ஆன்டிபயாடிக் தேவையாங்க டாக்டர்?" என்று கேளுங்கள். தேவையில்லை என்று சொல்லும் டாக்டரை மாற்றாதீர்கள்.
* எழுதிக் கொடுத்தால், சொன்ன அளவு, சொன்ன நேரம், சொன்ன நாள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டிக்கவும் வேண்டாம். தடிப்பு, வாந்தி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* மீதி மாத்திரையை எடுத்து வைக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கவும் வேண்டாம்.
* சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், குடிநீரைக் காய்ச்சுவதும், கழிப்பறையைப் பயன்படுத்துவதும் கிருமி பரவும் வழியை அடைப்பவை. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கை கழுவுங்கள்.
* குழந்தைக்குத் தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். நிமோனியாவைத் தடுக்கும் நியுமோகாக்கல் தடுப்பூசி 6-ஆவது வாரம், 14-ஆவது வாரம், 9-ஆவது மாதம் என அரசு அட்டவணையில் இலவசம். வராத தொற்றுக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது.
* மருந்து சம்பந்தமான சந்தேகத்துக்கு 104 என்ற சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம். மருந்து விற்பனையில் முறைகேடு தெரிந்தால் உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேவைப்படும் இடத்தில் அது உயிர் காக்கும் மருந்து. காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், புத்தி தடுமாறினால், சிறுநீர் குறைந்தால், பச்சைக் குழந்தை பால் குடிக்க மறுத்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 108-ஐ அழைத்து உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்றைக்கு அந்த ஊசி வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இன்றைக்கு இவ்வளவும் சொல்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் அந்த மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். சிவப்புக் கோடு போட்ட அட்டை ஏதாவது பாதியில் கிடந்தால், அதை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்யுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள்.